டயாலிசிஸைத் தராசில் வைத்தபோது

கணக்குப் பார்த்துத்தான் அரசு மருந்து தருகிறது என்றால் நம்மில் பலருக்குச் சுருக்கென்று இருக்கும். இங்கிலாந்து அதை ஒளிப்பதே இல்லை. 1999இல் அமைந்த நைஸ் நிறுவனம், ஒரு சிகிச்சை தரும் கூடுதல் ஆயுளையும் அந்த ஆயுளின் தரத்தையும் சேர்த்து 'குவாலி' என்ற அலகில் அளக்கிறது. பாதி நலத்தோடு இரண்டு ஆண்டு வாழ்ந்தால் ஒரு குவாலி. அதற்கு ஆகும் கூடுதல் செலவு 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் நின்றால் பச்சைக்கொடி என்பது நெடுங்காலம் இருந்துவந்த நடைமுறை. தாய்லாந்தில் இதே வேலைக்காக 2007இல் வந்தது ஹிடாப். அங்கே 2013 முதல் வரம்பு 1,60,000 பாட்.

சூத்திரம் ஒன்றுதான். விடை வந்த பிறகு நடப்பதுதான் வேறு.

நைஸ் ஒரு மருந்துக்குச் சம்மதித்தால், பொதுவாக மூன்று மாதத்துக்குள் தேசிய நலச் சேவை அதற்குப் பணம் ஒதுக்கியாக வேண்டும். அது சட்டக் கடமை. மறுத்தாலோ கூச்சல்தான். மறுக்கப்பட்ட புற்றுநோய் மருந்துகளுக்காக 2011இல் அரசே தனி நிதி ஒன்றைத் தொடங்கிக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிட்டது. 2016இல்தான் அதுவும் நைஸின் கணக்குக்குள் வந்தது. இதைவிடச் சங்கடமானது யார்க் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் சொன்னது: நலச் சேவை தன் அன்றாடப் பணிகளில் ஏறத்தாழ 13,000 பவுண்டுக்கே ஒரு குவாலியை ஈட்டுகிறது. அப்படியானால் 30,000 பவுண்டுக்கு ஒரு மருந்தை ஏற்கும்போது, வேறெங்கோ இரண்டுக்கு மேல் கைநழுவுகிறது. மருந்து கேட்பவருக்கு முகமும் குரலும் உண்டு. காத்திருப்புப் பட்டியலில் பின்னுக்குப் போகிறவருக்குத் தான் எதனால் தள்ளப்பட்டோம் என்பதே தெரியாது.

தாய்லாந்தில் 2001இல் அனைவருக்கும் மருத்துவம் தரும் '30 பாட்' திட்டம் தொடங்கியபோது டயாலிசிஸ் அதில் இல்லை. கணக்குப் போட்டால் செலவு கட்டுப்படியாகும் அளவைவிடப் பல மடங்கு. கணக்கு மட்டுமே பேசியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவரைக் காப்பாற்ற நிலத்தை விற்றுக் கடனில் மூழ்கிய குடும்பங்களைக் குவாலி அளக்காது. 2008இல் அரசு டயாலிசிஸைச் சேர்த்தது. பொருளியலும் ஒதுங்கிவிடவில்லை, 'தருவதா' என்ற கேள்வியில் தோற்றது, 'எப்படித் தருவது' என்பதில் வேலைக்கு வந்தது. முதலில் வயிற்றுவழி டயாலிசிஸ் என்று முடிவாயிற்று. நோயாளி வீட்டிலேயே இரண்டு லிட்டர் திரவப் பையைத் தொங்கவிட்டு, குழாய் வழியே வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் கழித்து வடிப்பார். நாளுக்கு நான்கு முறை. பைகளை அஞ்சல் துறை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரம் இருக்கும் ஊருக்கு அலைய முடியாத கிராமத்தாருக்கு இது பெரிய உதவி. கிருமித்தொற்று பயமும் கூடவே இருந்தது. 2022இல் எந்த முறை வேண்டுமென்று நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. கூட்டம் இயந்திரத்தின் பக்கம் சாய, செலவும் ஏறியது.

இங்கிலாந்தில் டயாலிசிஸ் இந்தச் சோதனைக்கே ஆளாகவில்லை. நைஸ் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அது உள்ளே வந்துவிட்டது. சிறுநீரக நோயாளிகளுக்கான சில மருந்துகளை எடைபோடும்போது நைஸ் டயாலிசிஸ் செலவைக் கணக்கிலிருந்து விலக்கியும் பார்த்திருக்கிறது. சேர்த்தால், டயாலிசிஸில் இருப்பவரின் ஆயுளை நீட்டும் மருந்து தேறுவது கடினம். முன்பே வந்தவருக்கு ஒரு நியாயம், பின்னால் வருபவருக்கு ஒரு நியாயம். இந்த இடத்தில் தாய்லாந்தின் வழிதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது: கணக்கை மேசைமேல் வைத்து, அதை ஏன் மீறுகிறோம் என்று சொல்லிவிட்டு மீறினார்கள்.

பேரத்திலும் அப்படியே. இங்கிலாந்தில் மருந்து நிறுவனங்கள் தரும் தள்ளுபடி பெரும்பாலும் ரகசியம். தாய்லாந்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு, எந்த விலைக்கு இறங்கினால் கட்டுப்படியாகும் என்பதையே ஆய்வு வெளிப்படையாகச் சொன்னது, விலையும் இறங்கியது. ஆனால் அங்கே நாடு முழுதும் மாணவிகளுக்கு அந்த ஊசி கிடைத்தது 2017இல். இங்கிலாந்துச் சிறுமிகளுக்கு 2008இலேயே போடத் தொடங்கிவிட்டார்கள்.