மர வீட்டின் வெள்ளைப் பூச்சு

வீட்டுக்கு வர்ணம் பூச ஒரு கான்ட்ராக்டரை அழைத்துப் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கேட்பீர்கள்? சதுர அடிக்கு என்ன கூலி, எத்தனை கோட்டு அடிப்பார், சரக்கு யாருடையது, எத்தனை வருடம் தாங்கும். பெரும்பாலும் பேச்சு இத்துடன் முடிந்துவிடும். "பூசப்போவதில் என்ன கலந்திருக்கிறது? பழைய பூச்சை எப்படி எடுப்பீர்கள்?" என்று நம்மில் யார் கேட்கிறோம்? சுண்ணாம்பு அடித்த சுவரென்றால் கேட்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆனால் வெளிச்சுவர் முழுவதும் மரப் பலகையாலான வீடுகள் உள்ள நாடுகளில், இந்தக் கேள்விகளை நெடுங்காலம் யாரும் கேட்காமலிருந்ததால் விளைந்த துன்பம் பெரிது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் மர வீடுகள் ஏராளம். மரம் மழையில் ஊறிப் பருக்கும். வெயிலில் காய்ந்து சுருங்கும். பூச்சில்லாத பலகை வெடித்து உளுத்துப்போகும். ஆகையால் அங்கே வர்ணம் என்பது அழகுக்காக மட்டுமன்று. வீட்டுக்கு அது ஒரு மேல்தோல். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்த மேல்தோலுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது ஒரே பொருள்தான்: வெள்ளை ஈயம்.

வெள்ளை ஈயம் செய்யும் முறை மிகப் பழையது. ஈயத் தகட்டைச் சுருட்டி, அடியில் காடி ஊற்றிய மண் கலயத்தில் வைப்பார்கள். இப்படிப் பல கலயங்களை அடுக்கிச் சாணக் குவியலில் மூடிவிடுவார்கள். சாணம் புளித்துச் சூடாகும். கரியமில வாயுவும் வெளிவரும். காடியின் ஆவி ஈயத்தை அரிக்க, கரியமில வாயு அதைக் கார்பனேட்டாக மாற்றும். சுமார் மூன்று மாதம் கழித்துத் திறந்தால் கரிய தகடு வெள்ளைச் செதில்களாகியிருக்கும். அதை அரைத்துக் குழம்பாக்கி விற்றார்கள். பெயிண்டர் அதை வாங்கி ஆளி விதை எண்ணெயும் சிறிது டர்ப்பன்டைனும் சேர்த்துத் தம் கையாலேயே கலந்துகொள்வார். இன்று போல் டப்பாவைத் திறந்து அப்படியே அடிக்கும் வழக்கம் அன்று இல்லை. எவ்வளவு ஈயம், எவ்வளவு எண்ணெய் என்பது பெயிண்டருக்கும் அவரை வைத்து வேலை வாங்கிய கான்ட்ராக்டருக்கும் மட்டுமே தெரிந்த கைப்பக்குவம்.

இந்தச் சரக்கை ஏன் இப்படிப் போற்றினார்கள்? ஆளி எண்ணெய் உலர்வது நீர் உலர்வது போலன்று. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்த்துக்கொண்டு கெட்டியான படலமாக மாறுகிறது. அந்த எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு வெள்ளை ஈயம் சேர்ந்து ஈயச் சோப்புகள் உண்டாகின்றன. இவற்றால் படலம் வளைந்து கொடுக்கும் தன்மை பெறுகிறது. பலகை பருத்தாலும் சுருங்கினாலும் கூடவே நீண்டு சுருங்கும். வெடிக்காது, உரியாது. வருடங்கள் செல்லச் செல்ல வெயில் மேற்பரப்பிலுள்ள எண்ணெயை மட்டும் அழிக்கும். அப்போது பூச்சு சீராகத் தேய்ந்து சுண்ணாம்பு போல் பொடியாகும். பெயிண்டர்களுக்கு இது பெரிய வசதி. பழையதைச் சுரண்டும் பாடு இல்லை. தூசி தட்டிவிட்டு மேலே அடுத்த கோட்டு அடித்துவிடலாம்.

அந்தப் பொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயம் நஞ்சு என்பதை அன்று அறியாமலில்லை. தொழிலாளர் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமட்சினி, 1700-இலேயே வர்ணக்காரர்களின் நோய்களைக் குறிப்பிட்டார். 1839-இல் பிரெஞ்சு மருத்துவர் டாங்கெரல் டெ பிளான்ஷ், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஈய நோயாளிகளை ஆராய்ந்து இரு தொகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். குடலை முறுக்கும் வயிற்று வலி, மலச்சிக்கல், மணிக்கட்டு தொங்கிப்போகும் வாதம், வலிப்பு என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் உலகம் இதைத் தொழிலோடு கூடிய வழக்கமான கஷ்டம் என்று விட்டுவிட்டது. தட்டானுக்குக் கண் கெடும், பெயிண்டருக்கு வயிறு கெடும் என்பது போல!

அப்படி விட்டுவிட மறுத்தவர் ஒரு கான்ட்ராக்டர். எட்மே ழான் லெக்லேர் என்பது அவர் பெயர். 1801-இல் ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, பாரிஸுக்கு வந்து பெயிண்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் சொந்தமாக வர்ணத் தொழில் நடத்தியவர். 1842-இல் தொழிலாளர்களுக்கு இலாபத்தில் பங்கு தரும் திட்டத்தைத் தொடங்கியதற்காகப் பொருளாதார நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. என் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. தம்மிடம் வேலை செய்தவர்கள் ஈயத்தால் முடமாவதைப் பார்த்து, அதற்கு மாற்றுத் தேடிச் சோதனையில் இறங்கினார். துத்தநாக ஆக்சைடும் வெண்மையானதே. அதை வர்ணமாக்கலாம் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சிலர் சொல்லியிருந்தார்கள். ஆனால் விலை அதிகம்; உலரவும் தாமதமாகும். எண்ணெயை விரைவில் உலர்த்த அதுவரை ஈயக் கலவையைத்தான் சேர்த்துவந்தார்கள். அதற்குப் பதில் மாங்கனீஸ் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயை லெக்லேர் பயன்படுத்தினார். 1840-களின் இறுதியில் அவருடைய ஆட்கள் துத்தநாக வெள்ளை பூசினார்கள். பிரெஞ்சு அரசு 1849-இல் அவருக்கு விருது வழங்கியது.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. துத்தநாக வெள்ளை வீட்டின் உள்ளே நன்றாக நின்றது. வெளியே மரத்தின் மேல் விறைத்து வெடித்தது. வெளிப்பூச்சுக்கு வெள்ளை ஈயமே கதி என்ற எண்ணம் நிலைத்தது. வெளியே இருப்பதால் யாருக்கு என்ன கெடுதல் என்றும் நினைத்திருப்பார்கள்.

யாருக்கு என்பது ஆஸ்திரேலியாவில் தெரிந்தது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகர் பிரிஸ்பேன். அங்கே வீடுகளை மரக்கால்களின் மேல் உயர்த்திக் கட்டி, சுற்றிலும் அகலமான வராந்தா விடுவார்கள். வராந்தாவின் விளிம்பில் வர்ணம் பூசிய மரக் கிராதி. வெப்பமான ஊராகையால் குழந்தைகளுக்கு வராந்தாவே விளையாட்டிடம். கிராதியைப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பதை எந்த ஊர்க் குழந்தைதான் செய்யாது?

1892-இல் பிரிஸ்பேன் மருத்துவர்கள் சிலர், ஈய நோய் கண்ட பத்துக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகள் ஈயத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களா என்ன? நஞ்சு எங்கிருந்து வந்தது என்பது புலப்படவில்லை. இக்குழுவில் இருந்த ஜெஃபரிஸ் டர்னர் (அந்துப்பூச்சிகளை ஆராய்ந்ததிலும் புகழ் பெற்றவர்), லாக்ஹார்ட் கிப்ஸன் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் இதை விடாமல் தொடர்ந்தார்கள். கிப்ஸன் கண் மருத்துவர். ஈயம் கண்ணின் நரம்பைத் தாக்கிப் பார்வையைக் கெடுப்பதால் இக்குழந்தைகள் அவரிடம் வந்தார்கள். 1904-இல் அவர் விடையை வெளியிட்டார்: வர்ணம் பூசிய கிராதிகளும் அறைச் சுவர்களுமே காரணம். வெயிலில் பொடியான பூச்சு, வியர்வையோ மழையீரமோ பட்ட பிஞ்சுக் கையில் ஒட்டுகிறது. விரல் சூப்பும் குழந்தைக்கும் நகம் கடிக்கும் குழந்தைக்கும் அது வாய்க்குள் போகிறது. பெயிண்டர் வசதி என்று கருதிய அதே பொடிதான்!

குழந்தையின் உடல் இதற்கு ஏற்றாற்போல் அமைந்திருப்பதும் ஒரு கொடுமை. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கே இரத்தத்தில் சேருகிறது. சிறு குழந்தைக்குப் பாதி வரை சேரலாம். கால்சியம் என்று ஏமாந்து உடல் அதை எலும்பில் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. மூளை வளரும் வயதில் இப்படி நேர்வதன் முழுப் பொருள் பின்னாளில்தான் விளங்கியது.

கிப்ஸன் சொன்னதை உடனே எல்லோரும் ஒப்பவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் பிரான்ஸ், கட்டட வேலையில் வெள்ளை ஈயத்தை விலக்க 1909-இல் சட்டம் இயற்றிவிட்டது. 1921-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் அதைப் பெரும்பாலும் தடை செய்யும் உடன்படிக்கையை ஏற்றது. வெளிப்புறம் அந்தத் தடையில் வரவில்லை. மறு ஆண்டு, 1922-இல், குயின்ஸ்லாந்து தன் சட்டத்தை இயற்றியது. அது வெளிப்புறத்தையே குறிவைத்தது: குழந்தைகளின் கை எட்டும்படி நாலடி உயரத்துக்குள் ஈய வர்ணம் கூடாது. ஜெனீவா பெயிண்டரை நினைத்தது; பிரிஸ்பேன் குழந்தையை நினைத்தது. ஆனால் நாலடிக்கு மேலே இருப்பதும் ஒரு நாள் பொடியாகும், மழை அதைக் கீழே கொண்டுவரும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களோ என்னவோ! 1929-இல் நை என்ற பிரிஸ்பேன் மருத்துவர், அம்மாநிலத்து இளைஞர்களிடம் சிறுநீரக நோய் மிகுதியாக இருப்பதை எடுத்துக்காட்டி, அதைக் குழந்தைப்பருவ ஈயத்தோடு தொடர்புபடுத்தினார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டேனியம் டை ஆக்சைடு தயாராகத் தொடங்கியது. இன்று நாம் காணும் வெள்ளையெல்லாம் பெரும்பாலும் இதுவே. அப்படியிருந்தும் அமெரிக்கா வீட்டு வர்ணத்தில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான். இந்தியாவில் 2016-இல் வந்த விதிகள், வீட்டு வர்ணத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்கின்றன.

புதிய டப்பாவில் ஈயம் இல்லை; சரி. பழைய பலகையில் இருப்பது எங்கே போகும்? தட்டிவிட்டு மேலே மேலே பூசிய பூச்சுகள் அடுக்கடுக்காக அங்கேயே இருக்கின்றன. புதிதாக வரும் பெயிண்டர் உலர்ந்த பலகையை உப்புத்தாளால் தேய்த்தால், நூறு வருடத்து ஈயமும் மாவாகி அவர் மூச்சிலும் முற்றத்து மண்ணிலும் கலக்கும். ஊதுவிளக்கால் சுட்டு உரித்தால் ஈயம் புகையாகவே எழும். இதனால் 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்கு வர்ண வேலை செய்யும் கான்ட்ராக்டர் இதற்கென்று பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்று 2010 முதல் அமெரிக்காவில் விதி உள்ளது. தரையில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும், தீயால் உரிக்கக்கூடாது, தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் கருவி இல்லாமல் இயந்திரத்தால் தேய்க்கவும் கூடாது. பலகையை நனைத்துக்கொண்டு சுரண்டுவது பெரும்பாலான தூசியை அடக்கிவிடும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

நம் ஊரில் மரச் சுவர் அரிது. ஆனால் பாட்டன் காலத்துக் கதவு, சன்னல், திண்ணைக் கிராதி, இரும்புக் கம்பி எல்லாவற்றிலும் எண்ணெய் வர்ணம் உண்டு. மஞ்சளும் சிவப்பும் பச்சையுமான பழைய பூச்சுகளில் ஈயக் குரோமேட் இருந்திருக்கலாம். அடுத்த முறை பொங்கலுக்குக் கதவைத் தேய்க்கப் பெயிண்டர் வந்தால், ஒரு வாளித் தண்ணீரும் விரிக்க ஒரு தாளும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். தம்பி தங்கையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்லி, சாப்பிடும் முன் கை கழுவ அவருக்குச் சோப்பும் கொடுங்கள்.