ராட் கேமரன்

ராட் கேமரன் (டிசம்பர் 7, 1910 – டிசம்பர் 21, 1983) கனடாவில் பிறந்த அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகர் ஆவார். இவரது இயற்பெயர் நேதன் ராட்ரிக் காக்ஸ். உதிரி வேடங்களில் நடிக்கத் தொடங்கிய இவர், குறைந்த செலவில் எடுக்கப்பட்ட கௌபாய்ப் படங்களின் கதாநாயகனாக உயர்ந்தார். இறுதிக் காலத்தில் மீண்டும் சிறு வேடங்களுக்கே திரும்பினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் இணைந்து தயாரித்த த ஜங்கிள் (1952) என்னும் படத்தின் நாயகன் இவரே. இப்படம் தமிழில் காடு என்ற பெயரில் வெளியானது.

இளமையும் உதிரி வேடங்களும்

கேமரன் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள கால்கரி நகரில் பிறந்தார். ஆறடி நான்கு அங்குலத்திற்கும் மேற்பட்ட உயரமும் கட்டான உடலும் கொண்டவர். ஆலிவுட்டில் முதலில் சண்டைக் காட்சிகளில் பிறருக்காக நடிக்கும் பணியையும், நடிகர் பிரெட் மக்மரேக்கு மாற்றாக நிற்கும் பணியையும் செய்தார். ஒளிப்பதிவாளர் விளக்குகளைச் சரிசெய்து முடிக்கும் வரை, முதன்மை நடிகரின் உயரமுள்ள ஒருவர் அவர் இடத்தில் நிற்க வேண்டும். படத்தில் அவர் முகம் தெரியாது.

பின்னர் பாரமவுண்ட் நிறுவனத்தின் படங்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. செசில் பி. டெமில் இயக்கிய நார்த் வெஸ்ட் மவுண்டட் போலீஸ் (1940), கொள்ளையன் ஜெசி ஜேம்சாக நடித்த த ரிமார்க்கபிள் ஆண்ட்ரூ (1942), வேக் ஐலண்ட் (1942) ஆகியவை இவற்றுள் சில. த மான்ஸ்டர் அண்ட் த கேர்ள் (1941) என்ற படத்தில் செய்தியாளராக நடித்தார். தூக்கிலிடப்பட்ட ஒருவனின் மூளையை மனிதக் குரங்கு ஒன்றுக்குப் பொருத்த, அக்குரங்கு பழிவாங்கப் புறப்படுவதே இதன் கதை. இவர் நடித்த முதல் விந்தை விலங்குப் படம் இதுவாகும்.

தொடர்ப்படங்கள்

1943இல் ரிபப்ளிக் நிறுவனத்தின் இரு தொடர்ப்படங்களில் ரெக்ஸ் பென்னட் என்னும் உளவாளியாக நடித்தார். அவை ஜி-மென் வெர்சஸ் த பிளாக் டிராகன், சீக்ரட் சர்வீஸ் இன் டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா என்பன. ஒவ்வொன்றும் 15 பகுதிகளைக் கொண்டது. வாரம் ஒரு பகுதியாகத் திரையரங்குகளில் காட்டப்பட்ட இத்தகைய படங்களில் ஒவ்வொரு பகுதியும் நாயகன் ஆபத்தில் சிக்கும் கட்டத்தில் முடியும். மாற்றாளாக நின்றவர் முதன்முறையாக நாயகனாக அறியப்பட்டது இவற்றின் மூலமே.

கௌபாய்ப் படங்கள்

அக்கால அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டப்படுவது வழக்கம். பெரிய நடிகர்கள் நடித்த முதல் படத்துடன் சேர்த்துக் காட்ட, விரைவாகவும் சிக்கனமாகவும் எடுக்கப்பட்ட படங்கள் பி-படங்கள் எனப்பட்டன. கௌபாய்ப் படங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. அதே குதிரைகளையும் அதே தெரு அரங்கையும் வைத்து அடுத்தடுத்துப் பல படங்களை எடுக்க முடிந்ததே இதற்குக் காரணம்.

யுனிவர்சல் நிறுவனத்தின் கௌபாய் நாயகனாக இருந்த ஜானி மாக் பிரவுன் வேறு நிறுவனத்திற்குச் சென்றபின் அந்த இடம் கேமரனுக்குக் கிடைத்தது. பாஸ் ஆப் பூம்டவுன் (1944), ட்ரிக்கர் டிரெயில் (1944), பியாண்ட் த பெகோஸ் (1945) முதலியவை இக்காலப் படங்கள். வண்ணப்படமான சலோமி வேர் ஷி டான்ஸ்ட் (1945) படத்தில் இவான் டி கார்லோவுடன் நடித்தார். அப்படத்தால் டி கார்லோ முன்னணி நடிகையானார். கேமரனோ பான்ஹாண்டில் (1948), ஸ்டாம்பீட் (1949), பிரிம்ஸ்டோன் (1949) என மீண்டும் நடுத்தர, சிறு முதலீட்டுக் கௌபாய்ப் படங்களிலேயே தொடர்ந்தார்.

சேலமும் காடு திரைப்படமும்

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்தில் ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்திருந்தது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் அப்போது ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. (கொல்லிமலை 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது.) அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இந்நிறுவனத்திற்காக மந்திரி குமாரி (1950) படத்தை இயக்கியிருந்தார். எனவே அமெரிக்கக் கலைஞர்கள் இந்நிறுவனத்திற்குப் புதியவர்கள் அல்லர்.

த ஜங்கிள் படத்தில் மாடர்ன் தியேட்டர்சுடன் இணைந்தது ராபர்ட் லிப்பர்ட்டின் நிறுவனம். தொன்மா விலங்குகள் இடம்பெற்ற லாஸ்ட் கான்டினென்ட் (1951) போன்ற சிக்கனப் படங்களை எடுத்து வந்த நிறுவனம் அது. ஜங்கிள் ஜிம் (1948) படத்தை எடுத்த வில்லியம் பெர்க் இயக்கினார். கிளைட் டி வின்னா ஒளிப்பதிவு செய்தார். இவர் 1920களின் இறுதியில் ஆஸ்கார் விருது பெற்றவர். கேமரனுடன் சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோரும், தமிழ் நடிகர் எம். என். நம்பியாரும் நடித்தனர். நம்பியார் திகம்பர சாமியார் (1950) படத்தில் பல வேடங்களில் தோன்றிப் பெயர் பெற்றிருந்த காலம் அது. ஆங்கிலப் படத்தில் அவருக்குக் கிடைத்தது துணை வேடமே.

கதைப்படி, இந்தியக் காடு ஒன்றில் யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. அவற்றை விரட்டுபவை அழிந்துபோனதாகக் கருதப்பட்ட கம்பளி மாமூத்துகள் என்கிறார் வேட்டைக்காரர் ஸ்டீவ் பென்ட்லி (கேமரன்). அவருடைய முந்தைய பயணத்தில் தம்மவரை இழந்த ராமா சிங் (ரொமேரோ) இதை நம்ப மறுக்கிறார். உண்மையை அறிய இளவரசி (வின்ட்சர்) தலைமையில் ஒரு குழு புறப்படுகிறது. சுமார் 75 நிமிடங்கள் ஓடும் இப்படத்தில் மாமூத்துகள் இறுதிப் பகுதியில் சிறிது நேரமே தோன்றுகின்றன. உயிருள்ள யானைகளுக்கு நீண்ட மயிர்ப் போர்வை போர்த்தி அவை உருவாக்கப்பட்டன. உண்மையில் கம்பளி மாமூத்துகள் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகியவற்றின் குளிர்ப்பகுதிகளில் வாழ்ந்தவை. தென்னிந்தியாவில் அவை வாழ்ந்ததில்லை.

தொலைக்காட்சி

1950களில் தொலைக்காட்சி பரவியதும் பி-கௌபாய்ப் படங்களுக்கான தேவை குறைந்தது. கேமரன் சிட்டி டிடெக்டிவ் (1953–1955), ஸ்டேட் ட்ரூப்பர் (1956–1959), கொரனாடோ 9 (1960–1961) ஆகிய மூன்று தொடர்களில் முதன்மை வேடம் ஏற்றார். ஆலிவுட் புகழ் நடைபாதையில் இவர் பெயரில் உள்ள விண்மீன் தொலைக்காட்சிப் பணிக்காக வழங்கப்பட்டது. இக்காலத்தில் பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட எஸ்கேப்மென்ட் (1958) படத்திலும் நடித்தார். அமெரிக்காவில் இது த எலக்ட்ரானிக் மான்ஸ்டர் எனப் பெயர் மாற்றி வெளியிடப்பட்டது. மனத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி ஒன்றைப் பற்றிய இப்படத்தில் விலங்கு எதுவும் இல்லை.

ஐரோப்பியப் படங்கள்

1964இல் இத்தாலிய இயக்குநர் மாரியோ கையானோவின் புல்லட்ஸ் டோன்ட் ஆர்க்யூ படத்தில் பாட் காரெட் என்னும் காவல் அதிகாரியாக நடித்தார். இதன் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனி. தயாரிப்பாளர்கள் அதே காலத்தில் மற்றொரு கௌபாய்ப் படத்தையும் எடுத்து வந்தனர். அதிகச் செலவும் எதிர்பார்ப்பும் கேமரன் படத்தின் மீதே இருந்தன. ஆனால் உலகப் புகழ் பெற்றது சிக்கனமாக எடுக்கப்பட்ட மற்றொன்று. அது செர்ஜியோ லியோனி இயக்கிய எ ஃபிஸ்ட்ஃபுல் ஆப் டாலர்ஸ். அதன் நாயகன் அதுவரை தொலைக்காட்சி நடிகராக அறியப்பட்ட கிளின்ட் ஈஸ்ட்வுட்.

இத்தாலியக் கௌபாய்ப் படங்களின் காலத்தை ஒட்டியே தமிழிலும் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த காலம் வெல்லும் (1970), கங்கா (1972), ஜக்கம்மா (1972) முதலிய குதிரைவீரர் படங்கள் வெளியாயின.

இறுதிக் காலம்

அமெரிக்காவில் 1965இல் ரெக்வியம் பார் எ கன்ஃபைட்டர், த பவுன்டி கில்லர் ஆகிய படங்களில் நடித்தார். இரண்டையும் இயக்கியவர், 1943இல் ஆப்பிரிக்கத் தொடர்ப்படத்தை இயக்கிய ஸ்பென்சர் கார்டன் பென்னட். இரண்டாவது படத்தில் ஜானி மாக் பிரவுன் உள்ளிட்ட பழைய கௌபாய் நடிகர்கள் பலர் ஒன்றாகத் தோன்றினர். த லாஸ்ட் மூவி (1971), சைக்கிக் கில்லர் (1975) போன்ற படங்களில் கேமரன் சிறு வேடங்களில் தோன்றினார். 1983 டிசம்பர் 21 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில் நகரில் புற்றுநோயால் இறந்தார்.

மதிப்பீடு

கேமரன் விருதுகள் பெற்ற நடிகர் அல்லர். எனினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து நடித்தார். தொடர்ப்படம், பி-கௌபாய்ப் படம், தொலைக்காட்சி, ஐரோப்பியக் கூட்டுத்தயாரிப்பு எனத் தொழில் மாறிய ஒவ்வொரு முறையும் இவரும் இடம் மாறினார். சேலத்திற்கு வந்ததும் அத்தகைய ஒரு மாற்றத்தின் விளைவே. செலவைக் குறைக்க வெளிநாட்டுக் காடுகளையும் யானைகளையும் தேடிய அமெரிக்கச் சிறு நிறுவனத்திற்கும், சேலத்திலிருந்து உலகச் சந்தையை நோக்கிய தமிழ் நிறுவனத்திற்கும் இடையே பாலமாக அமைந்தவர்கள் இவரைப் போன்ற இடைநிலை நடிகர்களே.

குறிப்பிடத்தக்க படங்கள்

1941 – த மான்ஸ்டர் அண்ட் த கேர்ள்
1943 – சீக்ரட் சர்வீஸ் இன் டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா
1944 – பாஸ் ஆப் பூம்டவுன்
1945 – சலோமி வேர் ஷி டான்ஸ்ட்
1948 – பான்ஹாண்டில்
1952 – த ஜங்கிள் (தமிழில்: காடு)
1958 – எஸ்கேப்மென்ட்
1964 – புல்லட்ஸ் டோன்ட் ஆர்க்யூ
1965 – த பவுன்டி கில்லர்
1975 – சைக்கிக் கில்லர்