வேலி இழந்தோர்: ஒரு கால்பந்துச் சினத்தின் வரலாறு

2016ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தென்கிழக்கு இலண்டனில் ஒரு கால்பந்து ஆட்டம் தொடங்கிய உடனேயே நின்றுபோயிற்று. மழை இல்லை, எவர்க்கும் காயமும் இல்லை. பார்வையாளர் பகுதியிலிருந்து சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பன்றிகள் ஆயிரக்கணக்கில் ஆடுகளத்தின்மீது வந்து விழுந்தன. சார்ல்டன் அத்லெட்டிக் கழகத்தின் இரசிகர்களும், எதிரணியான காவன்ட்ரி நகரக் கழகத்தின் இரசிகர்களும் தம்முள் பேசி வைத்துக்கொண்டு செய்த செயல் அது. இரு சாராரும் தத்தம் கழகத்தை விலைக்கு வாங்கி வைத்திருந்தோர்மீது தீராச் சினம் கொண்டிருந்தனர். பணியாளர் ஓடிவந்து பன்றிகளை வாரி அகற்றினர். சில நிமிடங்களில் ஆட்டம் மீண்டும் தொடங்கிற்று. சார்ல்டன் மூன்று கோல் அடித்து வென்றது. உரிமையாளர் எவரும் அன்று அசைந்தாரில்லை. சார்ல்டனின் உரிமையாளர் கழகத்தைக் கைவிட மேலும் மூன்றாண்டு கடந்தது. காவன்ட்ரியை வைத்திருந்த முதலீட்டு நிறுவனம் வெளியேற ஆறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இச்செய்தியைக் கேட்போர் முதலில் நகைப்பர். பன்றிப் பொம்மையால் ஒரு செல்வரை விரட்ட இயலுமா என வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் இதே கழகத்தின் இரசிகர்கள், இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், இதைக் காட்டிலும் நகைப்புக்குரியதாகத் தோன்றிய ஒரு செயலைச் செய்து வென்றவர்கள் என்பது பலரும் அறியாத செய்தி. அன்று வென்ற கூட்டம் பின்னர் ஏன் தோற்றது என்பதே இக்கட்டுரை எண்ணிப் பார்க்க விழைவது.

சார்ல்டன் கழகம் 1905இல் தேம்சு ஆற்றங்கரைப் பகுதி இளைஞர் சிலரால் தொடங்கப்பெற்றது. 1919இல் அவர்களுக்கு ஒரு நிலம் வாய்த்தது. சுண்ணக்கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட பெருங்குழி அது. கழகத்தின்மீது பற்றுக்கொண்ட தன்னார்வலர் திரண்டு அதனைத் திருத்தி ஆடுகளம் ஆக்கினர். பள்ளத்தில் அமைந்தமையால் அதற்கு ஆங்கிலத்தில் 'வேலி' என்று பெயர். தமிழில் எழுதுங்கால் அச்சொல் நம் தோட்டத்து வேலியையும், தஞ்சை வட்டாரத்து நில அளவையாகிய வேலியையும் நினைவூட்டுவதைத் தவிர்க்க இயலவில்லை. தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். இவ்வரலாறு முழுவதும் ஒரு துண்டு நிலத்தைப் பற்றியது. 1938இல் அங்கு நடந்த ஓர் ஆட்டத்தைக் காண 75,031 பேர் வந்தனர். 1947இல் இக்கழகம் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அதன்பின் நெடுங்காலம் இறங்குமுகமே.

1985 மே மாதம் பிராட்ஃபர்டு நகரில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அரங்கில் தீப்பிடித்து 56 பேர் மாண்டனர். அதனை அடுத்து நாடெங்கும் பழைய அரங்குகளின் பாதுகாப்பு ஆராயப்பட்டது. வேலியின் புகழ்பெற்ற கிழக்குப் படிமேடையில் மக்கள் நிற்பதற்குத் தடைகள் வந்தன. நிலத்தின் ஒரு பகுதி முன்னாள் உரிமையாளர் வசம் இருந்தமையால் அவரோடும் பூசல். கழகத்தார் ஒரு முடிவுக்கு வந்தனர். செப்டம்பர் 7ஆம் நாள், கிரிஸ்டல் பாலசு அணியோடு ஆட்டம் காண வந்த இரசிகர்களின் கையில் ஒரு துண்டறிக்கை கொடுக்கப்பட்டது. இனி நம் ஆட்டங்கள் இங்கு நடவா. கிரிஸ்டல் பாலசுக்கு உரிய செல்ஹர்ஸ்ட் பார்க் அரங்கில் நடைபெறும் என்பது அதன் சாரம். வீட்டை விற்ற செய்தியைத் தெருவில் எவரோ கொடுத்த காகிதத்தில் படித்து அறிவது போன்றது அது. இரண்டே வாரத்தில் கடைசி ஆட்டம் முடிந்து வேலி பூட்டப்பட்டது.

இங்கு ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். வீடிழந்த அந்த அணி ஆட்டத்தில் தோற்கவில்லை. 1986இலேயே முதற்பிரிவுக்கு உயர்ந்து, நான்கு பருவங்கள் அங்கு நிலைத்து நின்றது. கால்பந்தை வெற்றி தோல்விக் கணக்காக மட்டுமே காண்பவர்க்கு, அக்காலத்து இரசிகர்களின் துயரம் விளங்காது. பலர் அயலான் அரங்குக்குச் செல்ல மறுத்தனர். இரசிகர் கூட்டம் மெலிந்தது. 1988இல் ரிக் எவரிட் என்பவர் 'வாய்ஸ் ஆஃப் த வேலி' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். சிற்றிதழ்களின் வலிமையும் வலிவின்மையும் நம்மனோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்விதழைப் படித்தவர் சிலராயினும், ஊர் திரும்ப வேண்டும் என்ற பேச்சை அஃது அணையாமல் வைத்திருந்தது.

1989இல் கழகத்தார் மனம் மாறி, வேலிக்குத் திரும்புவதாக அறிவித்தனர். அப்போது அந்நிலம் இருந்த நிலையை எண்ணிப் பாருங்கள். படிமேடையெங்கும் செடியும் புதரும், உடைந்த இருக்கைகள், குப்பைக் குவியல். ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்த கருவியோடு வந்து துப்புரவு செய்தனர். வெட்டிய புதரையும் குப்பையையும் ஆடுகளத்தின் நடுவே குவித்துத் தீ மூட்டினர். பொறியியல் நோக்கில் அதனால் பெரும் பயன் விளைந்திராது. அரங்கைச் சட்டம் வேண்டும் தரத்துக்குக் கட்ட இயந்திரமும் பணமும் வேண்டும், மண்வெட்டி போதாது. ஆயினும் 1919இல் அக்குழியைத் திருத்தியோர் எதைச் செய்தனரோ அதையே எழுபதாண்டு கழித்து இவர்களும் செய்தனர். நிலம் எவர் பெயரில் பதிவாகியிருப்பினும், அதன்மீது உழைத்தவர்க்கு ஓர் உரிமை பிறக்கிறது என்ற எண்ணம் உழவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

ஆனால் 1990 தொடக்கத்தில் கிரீனிச் நகரவை புதிய அரங்கிற்கான கட்டடத் திட்டத்தை மறுத்துவிட்டது. அப்போது இரசிகர்கள் எடுத்த முடிவைக் கேட்டு ஊரே சிரித்திருக்கும். அவர்கள் ஓர் அரசியல் கட்சி தொடங்கினர்! அதன் பெயரே வேலிக் கட்சி. அவ்வாண்டு மே மாதம் நடந்த நகரவைத் தேர்தலில் ஏறத்தாழ எல்லா வட்டாரங்களிலும் வேட்பாளரை நிறுத்தினர். திட்டத்தை ஆதரித்த உறுப்பினரை மட்டும் விட்டுவைத்தனர். விளம்பரத் தொழிலைச் சேர்ந்த இரசிகர் ஒருவர் சுவரொட்டிகளை வடிவமைத்துத் தந்தார். ஒரே ஒரு கோரிக்கை கொண்ட கட்சி. வேறெதிலும் அதற்குக் கொள்கை கிடையாது.

முடிவு என்ன? 14,838 வாக்குகள், பதிவானவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 11. ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. தேர்தல் கணக்கில் இது தோல்வி. ஆனால் திட்டக் குழுவின் தலைவராயிருந்தவர் தம் இடத்தை இழந்தார். எஞ்சிய உறுப்பினர் அந்த எண்ணைப் படித்தனர். அரசியலாருக்கு எழுத்தறிவு குறைவாயிருப்பினும் எண்ணறிவு குறைவதில்லை. மறு ஆண்டே திட்டம் ஏற்கப்பட்டது. இடையில் வெஸ்ட் ஹாம் கழகத்தின் அரங்கிலும் சிறிதுகாலம் ஒண்டிக்கொண்ட அணி, 1992 டிசம்பர் 5ஆம் நாள் வேலிக்குத் திரும்பிற்று. முழுதும் கட்டி முடியாத அரங்கில் 8,337 பேர் கூடினர். போர்ட்ஸ்மத் அணியை ஒரு கோல் கணக்கில் வென்றனர். அதன்பின் இரசிகர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்து கழகத்தின் இயக்குநர் அவைக்கு அனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது. அப்பதவி பின்னர் நீக்கப்பட்டது. நீக்கியபோது பெரிதாகத் தோன்றியிராது. அதன் இழப்பு தெரியப் பல ஆண்டு ஆயிற்று.

2014இல் பெல்ஜியம் நாட்டுத் தொழிலதிபர் ரோலண்ட் துஷாத்தலே கழகத்தை வாங்கினார். பல நாடுகளில் கழகங்களை உடைமையாகக் கொண்ட குடும்பம் அவருடையது. பயிற்றுநர் அடுத்தடுத்து மாற்றப்பட்டனர். 2016இல் அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. கழகத்தின் தலைமை நிர்வாகி ஒரு கருத்தரங்கில் பேசியது இரசிகர்களிடையே பரவிற்று. உணவகத்துக்கோ திரையரங்குக்கோ செல்பவர் அதனைத் தமதெனக் கருதுவதில்லை. கால்பந்து இரசிகரோ அவ்வாறு கருதுகின்றனர், அது விந்தையாயிருக்கிறது என்னும் பொருள்பட அவர் பேசியிருந்தார். சொன்னவர் அதனை ஒரு வணிகச் சிக்கலாகவே கண்டார் எனத் தோன்றுகிறது. கேட்டவர்க்கோ, 1919இல் மண் சுமந்ததும் 1989இல் புதர் வெட்டியதும் பொய்யென்று சொன்னது போலாயிற்று.

நாடகங்கள் தொடங்கின. 2016 மார்ச்சில் கழகத்துக்கு மாதிரி இறுதி ஊர்வலம் நடத்தினர். ஆட்டம் தொடங்கியதும் கடற்கரைப் பந்துகளைக் களத்தில் எறிந்து அதனைத் தடைப்படுத்தினர். அவ்வாண்டு அக்டோபரில் பன்றிகள். அக்டோபரில் பன்றிகள். நம் நாட்டில் மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருவில் இழுத்து மாரடிக்கும் வழக்கம் இருந்தது. மேகம் அதனைக் கண்டு நாணியதாகச் செய்தி இல்லை. எனினும் இழுத்தவர் எவரும் தாம் வீண்வேலை செய்ததாகக் கருதவில்லை. ஊரார் அனைவர்க்கும் ஒரே துயரம் என்பதை ஊரார் கண்டுகொள்ள அஃது ஒரு வாயில்.

ஆயினும் வரலாறு எழுதுவோன் அம்மட்டில் அமைதல் கூடாது. 1990இன் கட்சியும் 2016இன் பன்றியும் நாடகமே; ஒன்று பலித்தது, மற்றொன்று பலிக்கவில்லை. வேறுபாடு நாடகத்தில் இல்லை, பார்த்திருந்தவரிடத்தில் உள்ளது. சங்க அகப்பாடல்களில் மடலேறுவேன் என்று தலைவன் சொல்கிறான். பனங்கருக்கால் செய்த குதிரையின்மீது ஏறி, நாணம் துறந்து, ஊர் நடுவே வருவேன் என்கிறான். திருக்குறளில் நாணுத்துறவு உரைத்தல் அதிகாரமும் இப்பொருள் பற்றியதே. மடலின் ஆற்றல் முழுதும், அதனைக் கண்டு பழிக்கு அஞ்சும் சுற்றத்தார் அவ்வூரிலேயே இருக்கின்றனர் என்பதில் அடங்கியுள்ளது. கிரீனிச் நகரவை உறுப்பினர் அவ்வூரார், மறுதேர்தலை எதிர்நோக்கியிருந்தவர். துஷாத்தலேயோ வேறு நாட்டில் இருந்தவர். அரங்குக்கு வருவதும் அரிது. யாருமற்ற தெருவில் மடலேறியவன் நிலைதான் சார்ல்டன் இரசிகர்க்கு.

செருமனியில் நேர்ந்தது இதனை உறுதிசெய்கிறது. அங்குக் கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. 2023 டிசம்பரில் அந்நாட்டுக் கழகக் கூட்டமைப்பு, ஒளிபரப்பு வருவாயின் ஒரு பங்கை வெளி முதலீட்டாளர்க்கு விற்க முனைந்தது. 36 கழகங்களில் 24 கழகங்கள் ஆதரித்தன. வேண்டிய மூன்றில் இரு பங்கு சரியாகக் கிடைத்தது. உடனே அரங்குதோறும் டென்னிசு பந்துகளும் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் நாணயங்களும் களத்தில் விழலாயின. சில ஆட்டங்கள் நெடுநேரம் தடைப்பட்டன. 2024 பிப்ரவரி 21ஆம் நாள் அத்திட்டம் கைவிடப்பட்டது. எறிந்த பந்து சார்ல்டனில் எறிந்ததைவிடக் கனமானதன்று. எறிந்தவர் கையில் வாக்கு இருந்தது.

சினம் எப்போதும் நகைச்சுவையோடு வருவதில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. 2012 ஏப்ரலில் இத்தாலியின் ஜெனோவா நகரில், தம் அணி நான்கு கோல் பின்தங்கியதும் இரசிகர் சிலர் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்கள் சட்டையைக் கழற்றித் தர வேண்டும் என மிரட்டினர். அச்சட்டையை அணியும் தகுதி அவர்க்கில்லையாம். அணித்தலைவர் சட்டைகளைத் திரட்டிக்கொண்டு நின்ற காட்சியை உலகம் கண்டது. உடையவனைத் தொட முடியாதபோது உழைப்பவனை இழிவுசெய்வது எளிது. சார்ல்டன் இரசிகர்கள் பன்றியைத் தேர்ந்தமைக்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

2019 மே மாதம், துஷாத்தலேயின் உரிமையிலேயே, அணி இரண்டாம் பிரிவுக்கு மீண்டும் உயர்ந்தது. 2020 சனவரியில் கழகம் கைமாறியபோது இரசிகர்கள் கொண்டாடினர். ஆனால் புதிய உரிமையாளர் சில மாதங்களுக்குள் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டனர். அவ்வாண்டே அணி மறுபடியும் கீழிறங்கியது. செப்டம்பரில் கழகம் வேறொருவர் கைக்குப் போயிற்று. விற்பனைப் பத்திரத்தில் சேராத ஒன்றும் இருந்தது. துஷாத்தலே கழகத்தை விற்றாரேயன்றி, வேலியின் நிலத்தை விற்கவில்லை. 1919இல் தன்னார்வலர் திருத்திய குழி, 1989இல் அவர்தம் பேரப்பிள்ளைகள் தீ மூட்டித் துப்புரவு செய்த மண், அவரிடமே தங்கிற்று. அங்கு ஆடும் கழகம் அவருக்கு வாடகை செலுத்தும் குடியானது.