செப்புக் காசும் தராசும்

பொலனறுவைக் காலத்துச் செப்புக் காசுகள் இரண்டினைத் தராசின் இரு தட்டிலும் இட்டால், தட்டுக்கள் சமனாக நிற்பது அரிது. இரண்டும் ஒரே மன்னன் பெயரைத் தாங்கியவையாய் இருக்கலாம். ஒரே பானையிலிருந்து எடுக்கப்பட்டவையாயும் இருக்கலாம். ஆயினும் ஒன்று நாலரைக் கிராமை எட்டும். மற்றது மூன்றரைக் கிராமிலே நின்றுவிடும். வயலை உழும்போதோ கிணறு அகழும்போதோ இத்தகைய காசினைக் கண்டெடுப்பவர், எடை ஒவ்வாமை கண்டு, கள்ளக் காசென எறிந்துவிடுதல் கூடும். தராசிலே தவறில்லை, பொற்காசின் நியாயத்தைச் செப்புக் காசுக்குப் பொருத்தியதே தவறு.

பொலனறுவைக்கு முன்னர் இலங்கையில் வழங்கிய 'ககவணு' என்னும் பொற்காசு ஏறத்தாழ 4.3 கிராம் நிறையுடையது. பொன்னில் ஒரு மஞ்சாடி குறைந்தாலும் பெறுபவனுக்கு நட்டமன்றோ? ஆதலின் பொற்காசைத் தனித்தனியே நிறுப்பதே அக்கசாலைகளின் வழக்கு. காசினை நோட்டம் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு இச்சொல் ஒட்டியிருத்தலையும், மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களில் நிருவாகப் பொறுப்புடையோர் வண்ணக்கர் எனப்படுதலையும் நேயர்களிற் பலர் அறிவர்.

பதினோராம் நூற்றாண்டிலே காசில் பொன் குன்றிற்று. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில் காசு செம்பாகவே ஆகிவிட்டது. ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் மன்னன் பெயர் என்னும் இவ்வமைப்பு, இராசராச சோழன் பெயரில் வெளிவந்த காசுகளிலும் காணப்படுவதேயாம்.

செம்பை உருக்கித் தட்டித் துண்டாக்கி, இரண்டு அச்சுக்களுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். கையால் வெட்டிய துண்டுகள் ஒரே கனமாய் அமைவது எங்ஙனம்? இன்ன நிறைச் செம்புக்கு இத்தனை காசு என்று கணக்கிடுவதே பழைய அக்கசாலைகள் பலவற்றின் முறை. மொத்தம் சரியானால் போதும். ஒரு படி மாவுக்கு இத்தனை தோசை என்று கணக்கு வைத்திருக்கும் இல்லாள், ஒவ்வொரு தோசையையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஒரு காசில் மிச்சமாகும் செம்பின் பெறுமதியிலும், அதனைத் தனியே நிறுக்கும் ஆளின் கூலி அதிகமாகும். கடைத்தெருவிலும் செப்புக் காசு எண்ணியே கொடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியும் 'சேது' என்னும் தமிழ் எழுத்தும் பொறித்து வெளியிட்ட காசுகளிலும் இவ்வேறுபாடு உண்டு.

அடித்த நாளில் இருந்த வேறுபாடு இது. பின்னர்க் கைபட்டுத் தேய்ந்தது ஒரு பங்கு. மண்ணிலுள்ள உப்பும் ஈரமும் செம்பை அரித்துக் களிம்பாக்கும்; களிம்பு உதிர்ந்தால் எடை குறையும், மண்ணோடு இறுகிப் படிந்தால் கூடும். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்ப்பவர், களிம்போடு எழுத்தையும் எடையையும் ஒருங்கே போக்கிவிடுவர்.

உண்மையில் ஐயுற வேண்டியது வேறொன்று. எடையிலும் விளிம்பிலும் சிறு வடுவிலும் ஒன்றையொன்று அச்சொட்டாக ஒத்த பல காசுகள் கிடைப்பின், அவை ஒரே காசிலிருந்து எடுத்த கருவில் வார்க்கப்பட்டவையாதல் கூடும். வார்ப்புக் காசின் மேனியில் நுண்துளைகளும், விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடும் தென்படலாம்.

வரலாறு எழுதுவோரும் இவ்விடத்தில் இடறுவதுண்டு. லீலாவதி அரசி 1197க்கும் 1212க்கும் இடையில் மும்முறை அரியணை ஏறி, மும்முறையும் அதனை இழந்தவள். அவள் பெயர் பொறித்த இலேசான காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அரசு நொடித்தமையால் காசும் மெலிந்தது என்று எழுதிவிடுதல் எளிது. பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசுகளிலும் அத்துணை இலேசானவை உண்டே! இருவர் காசுகளிலும் நூறு நூறு நிறுத்து, பெரும்பாலானவை எவ்வெடையில் குவிகின்றன என்று கண்ட பின்னரே அவ்வாறு கூறலாம். அதற்குப் புதையல் சிதறாது ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். கண்டவர்கள் பங்கிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பிடியாகத் தட்டானிடம் கொடுத்துவிட்டால், அந்த நிறுவையை எவராலும் செய்தல் இயலாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டெடுத்த பழம்பொருளை அதிகாரிகளுக்கு அறிவிக்குமாறு விதித்திருப்பது, மதிப்புமிக்க பொன்னுக்கு மாத்திரமன்றிக் களிம்பேறிய இச்செப்புக் காசுக்கும் உரியதேயாம்.