டாப் ஸ்டேஷனில் நின்ற ரயில்

தண்டவாளம் ஏறிய மலைகள் – 9

பனவடலிசத்திரத்துக்கு ரயில் கிடையாது. சங்கரன்கோவில் – திருநெல்வேலி சாலையில் ஓடும் பஸ்தான் ஊருக்குக் கால். ரயில் ஏற வேண்டுமென்றால் சங்கரன்கோவில் போக வேண்டும். ஆனாலும் பயணத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. அது பெயரிலேயே இருக்கிறது. வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிநடைக்காரர் இராத்தங்கும் இடம்.

இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடங்களில் சங்கரன்கோவில், கயத்தாறு, கோவில்பட்டிச் சீமையிலிருந்து சனங்கள், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணிக்குப் பின்னால் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். இலங்கைக்குப் போனவர்கள் உண்டு. மூணாற்றுக்குப் போனவர்களும் உண்டு. ஒரு தலைமுறை போனதும் அடுத்த தலைமுறை பின்னால் போனது. கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மலையிலிருந்து இறங்கி வருகிற சொந்தம் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது.

அப்படி வருகிறவர்கள் பேச்சில் ஒரு பெயர் சாதாரணமாக விழும்: டாப் ஸ்டேஷன்.

மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, குண்டளை தாண்டி மலை விளிம்பில் நிற்கிறது. போவது கேரளத்து வழி. சேர்கிற இடமோ தேனி மாவட்டத்துக் கோட்டகுடி ஊராட்சி. எட்டிப் பார்த்தால் கீழே குரங்கணிப் பள்ளத்தாக்கு. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, சோளம் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். ஸ்டேஷன் எங்கே என்று கேட்பவர் குறைவு. பஸ் ஸ்டேஷனாக இருக்கும் என்று நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அது உண்மையான ரயில்வே ஸ்டேஷன். ஒரு தேயிலைக் கம்பெனியின் தனியார் ரயில் வந்து நின்ற கடைசி நிறுத்தம்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பல பயிர்களைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தோட்டக்காரர்கள் தேயிலையில் நிலைத்தார்கள். 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. தேயிலை நன்றாக வந்தது. வந்த தேயிலையை மலையிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

அதற்காக 1902-ல் அவர்கள் போட்ட முதல் ரயில் விசித்திரமானது. அதற்குத் தண்டவாளம் ஒன்றே ஒன்றுதான்! யூயிங் முறை என்று பெயர். சாலையோரமாக ஒரே ஒரு தண்டவாளம் ஓடும். வண்டியின் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் உருளும். வண்டி கவிழ்ந்துவிடாதா? அதற்குத்தான் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு பெரிய சக்கரம், மண்ணில் ஊன்றி உருண்டு வரும். பாரம் முக்கால்வாசிக்கு மேல் தண்டவாளத்தில்; பக்கச் சக்கரம் வண்டியைச் சாயாமல் தாங்கிப் பிடிக்க மட்டும். இழுப்பதற்கு மாடு. நம் ஊர் ஒற்றை மாட்டு வண்டிக்கு ஒரு பக்கம் இரும்புப் பாதை போட்டால் எப்படியிருக்கும், ஏறக்குறைய அப்படி. இதே முறையில் பிறகு பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானம் ஓட்டிய வண்டி ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூணாற்றுக்காரர்கள் அதற்கும் முந்தியவர்கள். டெல்லி போகிறவர்கள் அந்த வண்டியை அவசியம் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் இந்த ஏற்பாடு எவ்வளவு எளிமையானது என்பது புரியும்.

தேயிலை பெருகியதும் மாடு போதவில்லை. 1908-ல் ஒற்றைத் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டார்கள். ஆவி இஞ்சின் வந்தது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். மூணாற்றில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து டாப் ஸ்டேஷன் வந்து சேர்ந்தன. அங்கே ரயில் நின்றுவிடும். அதற்கப்பால் மலை செங்குத்தாக விழுகிறது. பெட்டிகளை ரோப்வேயில் மாட்டி ஐந்து கிலோமீட்டர் கீழே கோட்டகுடிக்கு இறக்கினார்கள். டாப் ஸ்டேஷன் ஒன்று இருந்ததால் கோட்டகுடி பாட்டம் ஸ்டேஷன் ஆனது. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். பிறகு துறைமுகம், பிறகு கப்பல், பிறகு இங்கிலாந்து. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். போடிக்கு மேலே மலையில் ரயில் ஓடிய காலமெல்லாம் போடியில் ரயில் இல்லை.

தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கி இறங்கிய அதே மலைச்சரிவில் கூலிச்சனம் நடந்து ஏறியது. போடி வரை நடை, குரங்கணியிலிருந்து ஏற்றம். கைக்குழந்தை இடுப்பில், அரிசிப் பானை தலையில். தலைக்கு மேலே பெட்டிகள் போய்க்கொண்டிருப்பதை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அந்த ரயிலும் ரோப்வேயும் சரக்குக்காகப் போட்டவை. தேயிலை நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் கம்பெனிக்கு இருந்த அக்கறையை, அதைப் பறித்த கைகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதோடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099. மலையாளத்தில் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். கொல்லம் ஆண்டு போட்டு ஓலை எழுதிய நெல்லைச் சீமைக்கும் அந்தக் கணக்கு புதிதல்ல. ஏறக்குறைய மூன்று வாரம் மழை விடவில்லை. மலை சரிந்தது. ஆலுவாயிலிருந்து மூணாறு வந்த பழைய ராஜபாதை அழிந்தது. ஆற்றை ஒட்டிப் போட்டிருந்த ரயில்பாதையை அதே ஆறு அடித்துக்கொண்டு போயிற்று. பாலங்கள் போயின, தண்டவாளம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. கம்பெனி மறுபடி ரயில் போடவில்லை. ரோப்வேயையும் சாலையையும் வைத்துச் சமாளித்துக்கொண்டது. பதினாறு ஆண்டுகளோடு அந்த ஆவி இஞ்சினின் கதை முடிந்தது. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் வட்டார அலுவலகமாயிற்று.

இந்தக் கதையோடு வைத்துப் பார்க்க இன்னொரு மலை ரயில் உண்டு. குண்டளை ரயில் நின்றதற்கு அடுத்த ஆண்டு, 1925 செப்டம்பரில், ஜப்பானின் கியோத்தோ நகரத்து ஓரத்தில் ஒரு சின்ன மலை ரயில் ஓடத் தொடங்கியது. போட்டது அங்குள்ள மின்விளக்குக் கம்பெனி. எய்சான் ரயில் என்று இன்று பெயர். 1929-க்குள் குராமா என்ற மலைக்கிராமம் வரை கிளைப்பாதையும் நீண்டது. மொத்தப் பாதையும் சேர்ந்து 14.4 கிலோமீட்டர்தான், சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் வருகிற தூரத்தோடு ஒப்பிடலாம். குராமா பக்கம் இருபது அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஒரு பெட்டி, மிஞ்சினால் இரண்டு பெட்டி. காலையில் கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஏறுவார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே அதில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.

2020 ஜூலை மழையில் அந்தப் பாதையிலும் மலை சரிந்தது. இச்சிஹாராவுக்கும் குராமாவுக்கும் நடுவே ரயில் நின்றது. ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்து, 2021 செப்டம்பரில் மறுபடி ஓட்டிவிட்டார்கள். மலையும் மழையும் சரிவும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே ரயிலை நம்பி மனிதர்கள் இருந்தார்கள். அதனால் ரயில் திரும்பி வந்தது.

கியோத்தோவில் மலை சரிந்த அதே மழைக்காலத்தில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் என்ற வரிசை வீடுகள்மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். மூன்று நான்கு தலைமுறைக்கு முன் நடந்து ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள்.

குண்டளை ரயிலை மீட்டுச் சுற்றுலாவுக்கு ஓட்டலாம் என்று கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பேச்சு எழுந்தது. ஓடினால் நல்லதுதான். அப்படி ஓடும் நாளில், லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற சனத்துக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

ரயிலின் வருடங்களும் அளவுகளும் புத்தகங்களில் கிடைத்துவிடுகின்றன. குரங்கணி வழி ஏறியவர்களின் பெயர்கள் அவரவர் வீட்டில்தான் இருக்கின்றன. பனவடலிசத்திரம், சங்கரன்கோவில், கயத்தாறு பக்கத்து வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: மலைக்கு முதலில் போனது யார், எந்த வருடம், எந்தத் தோட்டம், எந்த வழியாக? அவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

(தொடரும்)