உப்பட்டி மறைந்தது, ஈரம் மறையவில்லை

அரிந்த நெல்லைக் கைப்பிடி கைப்பிடியாக அடித்தாளின்மேல் கிடத்தி வைப்பதை உப்பட்டி என்பார்கள். வெயிலில் கதிரும் தாளும் உலர்ந்த பின் அதைக் கட்டாகக் கட்டிக் களத்துக்குச் சுமந்து சூடு வைப்பார்கள். பின்னர் மாட்டாலோ உழவு இயந்திரத்தாலோ சூடு மிதித்து, தூற்றி, நெல்லை அள்ளுவார்கள். அரிவி வெட்டு முதல் தூற்றல் வரை பல கைகளுக்குப் பல நாள் கூலி இருந்தது.

வன்னியில் அந்தக் கைகளில் கணிசமானவை தோட்டங்களிலிருந்து வந்தவை. 1977 வன்செயலின் பின் மலையகத் தமிழர் பெருமளவில் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு வந்தனர். காந்தியம் அமைப்பு பலரைக் குடியமர்த்தியது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் அடிவாரத்தில் வயல்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கிராமத்தவருடையவை; லயனில் இருந்தவருக்கு வயல் சொந்தமில்லை. கொழுந்து பறித்தும் இறப்பர் பால் வெட்டியும் பழகிய கைகள் வன்னியில் அரிவாள் பிடித்தன. வந்த இடத்திலும் பலருக்குக் கிடைத்தது மேட்டுக் காணிதான். ஆகவே நெல் அவர்களுக்குப் பிறர் வயலின் கூலியாகவே இருந்தது.

2009இன் பின் வன்னி வயல்களில் அறுவடை இயந்திரங்கள் பெருகின. வெட்டு, சூடடிப்பு, தூற்றல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. கூலி நாட்கள் போயின. கூடவே உப்பட்டி காயும் நாட்களும் போயின.

கனடாவின் சமவெளிகளில் இதற்கு ஒப்பான முறை இயந்திரத்துடனேயே இருக்கிறது. அங்கே கனோலா, கோதுமை போன்ற பயிர்களை ஓர் இயந்திரம் வெட்டி நீள வரிசையாகக் கிடத்தும். உலர்ந்த பின் அறுவடை இயந்திரம் அந்த வரிசையை அள்ளி மணி பிரிக்கும். சீரற்று முற்றும் பயிரை ஒன்றாக உலர்த்தவும், உறைபனிக்கு முன் வேலையை முடிக்கவும் அது உதவுகிறது.

நெல்லுக்கு அது அவ்வளவு பொருந்தாது. உலர்ந்த கதிர் மழையிலோ பனியிலோ மீண்டும் நனைந்தால் மணிக்குள் வெடிப்பு விழும். ஆலையில் அரிசி குறுணையாகும். கட்டும்போதும் சுமக்கும்போதும் மணி உதிரும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரி போன்ற இடத்தில் உப்பட்டி முளைத்துப் போகும் அபாயமும் உண்டு. நின்ற பயிரை வெட்டி உடனே மணி பிரிப்பதில் சேதம் குறைவு.

ஆனால் அப்படி வெட்டிய நெல்லில் 20 முதல் 25 வீதம் வரை ஈரப்பதன் இருக்கும். சேமிக்க 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. விதைநெல்லுக்கு 12 வீதம் நல்லது. முன்பு வயலில் காய்ந்தது இப்போது வீதியோரப் படங்கில் காய்கிறது. இடமில்லாதவர் ஈரநெல்லாகவே விற்கிறார்.

கவனிக்க வேண்டியவை சில:

கதிரில் 80 முதல் 85 வீத மணிகள் வைக்கோல் நிறமானதும் வெட்டலாம். வெட்டிய 24 மணித்தியாலத்துக்குள் காயவைக்கத் தொடங்க வேண்டும். ஈரநெல்லை மூட்டையில் வைத்தால் சூடேறி நிறம் மாறும். படங்கில் 3 முதல் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, அரை மணிக்கொரு தடவை கிளறுங்கள். உச்சிவெயிலில் விதைநெல்லை நிழலுக்கு மாற்றுங்கள்.

விற்கும்போது கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 20 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 93 கிலோ நிற்கும். அதாவது ஈரத்துக்கான நியாயமான கழிவு 7 கிலோ. வியாபாரி அதற்கு மேல் கழித்தால் காரணம் கேளுங்கள். ஈரமானியால் உங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள்.

அரிவி வெட்டுக் கூலி திரும்பப் போவதில்லை. ஆனால் காயவைக்கும் வேலை ஒவ்வொரு போகமும் இருக்கிறது. மேட்டுக் காணிக் கிராமங்களில் பொதுக் களங்களும் ஈரமானிகளும் இருந்தால், வயலில்லாத குடும்பங்களுக்கு அதில் கூலி உண்டு. சிறு விவசாயிக்கும் ஈரநெல்லை மலிவாக விற்கும் கட்டாயம் இராது.