தாது வருஷத்துப் படங்கள்

எங்கள் எரியோட்டில், சோற்றை அவசரமாய் அள்ளித் தின்னும் பிள்ளையைக் கண்டால், “தாது வருஷத்திலே பிறந்ததோ!” என்பார்கள் கிழவிகள். திண்டுக்கல் பகுதி மதுரை ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலத்துப் பஞ்சம் அது. 1876-இல் தொடங்கி, சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானோரைக் கொண்டு போயிற்று.

அந்தப் பஞ்சத்தின் முகத்தை இன்று நமக்குக் காட்டுபவை ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள். எலும்பும் தோலுமாய் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. பட்டினி கிடப்பவர்கள் இத்தனை ஒழுங்காகவா உட்காருவார்கள்?

உட்கார வைத்துத்தான் எடுத்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் படம் விழும்வரை யாரும் அசையக் கூடாது. ஆகவே அதை மோசடி என்று தள்ளிவிட முடியாது. உட்காரும் விதத்தை ஜோடிக்கலாம். விலா எலும்பை ஜோடிக்க முடியுமா?

ஆனால், படம் பிடித்து முடிந்ததும் கஞ்சி கூட வார்க்காமல் அவர்களைத் திருப்பி அனுப்பினார் என்ற பழி ஹூப்பர்மேல் உண்டு. பின்னால், 1886-இல், மாண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டபோது, குண்டு பாயும் கணத்தைப் படம் பிடிப்பதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று லண்டன் வரை கூச்சல் எழுந்தது. விசாரணை நடந்தது, கண்டனத்துக்கு ஆளானார்.

செய்திப் படத்தைப் பார்த்து, “இது ஜோடித்ததா?” என்று கேட்பது நியாயமே. அதற்குப் பிறகு அந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்க வேண்டும். தாது வருஷத்துப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அவர்கள் கையைத்தான் தேடுகிறது, ஒரு கஞ்சிக் கலயமாவது இருக்கிறதா என்று.